கில்ரேயின் ஊசியும் அரண்மனைப் பணமும்

லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் வீதியில் 27-ஆம் இலக்கக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில், தாமிரத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தால் அரித்து அச்சிட்ட கேலிச்சித்திரங்கள் புதிதாகத் தொங்கவிடப்படும்போதெல்லாம், வழிப்போக்கர் பலரும் கூடி நின்று மந்திரிகளின் மூக்கையும் இளவரசரின் தொந்தியையும் கண்டு சிரிப்பது, 1797 முதல் அவ்வீதியின் நித்தியக் காட்சிகளுள் ஒன்றாயிற்று. கடை ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியுடையது. சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அதன் மாடியிலேயே வசித்தார்.

அவருடைய திறமைக்கு 1792 ஜூலையில் வந்த இரட்டைச் சித்திரங்களே சாட்சி. ஒன்றில் வேல்ஸ் இளவரசர் வயிறு புடைக்க உண்டு, சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும் நிலையில் சாய்ந்து, முள்கரண்டியால் பல் குத்துகிறார். அவருக்குப் பின்னால் செலுத்தப்படாத கடன் பட்டியல்களின்மேல் பாரமாக வைக்கப்பட்டிருப்பது மூத்திரச் சட்டி! மற்றதில் அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜ், ஒட்டுப்போட்ட கால்சராயுடன், மேஜை விரிப்பின் நுனியையே மார்பில் செருகிக்கொண்டு ஓர் அவித்த முட்டையை உண்கிறார். கணப்பில் நெருப்புக்குப் பதிலாகப் பூச்செண்டு இருக்கிறது. ஊதாரித்தனத்தையும் உலோபத்தையும் ஒரே குடும்பத்தில் எதிரெதிரே நிறுத்திய இவ்விரண்டுக்கும் ஈடான சித்திரம் அக்காலத்தில் வேறில்லை என்பது என் எண்ணம். அந்த இளவரசரே ஹம்ப்ரி கடையின் வாடிக்கைக்காரர் என்பதுதான் வேடிக்கை.

ஆயினும் இந்த ஊசி விலைக்கு அப்பாற்பட்டதன்று. 1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கமிஷனர்களிடம் ஒப்படைக்க மந்திரி ஃபாக்ஸ் மசோதா கொண்டுவந்தபோது, அவர் கீழ்த்திசை உடையில் யானைமேல் ஏறிக் கம்பெனி வாயிலுக்குப் பவனி வருவதாகவும், யானையின் முகம் அவருடைய கூட்டாளி நார்த் பிரபுவின் முகமாகவும் ஜேம்ஸ் சேயர்ஸ் என்ற மற்றொரு சித்திரக்காரர் வரைந்தார். மசோதா தோற்றது, பிட் பிரதமரானார், சேயர்ஸுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அதே பிட்டைக் குப்பைமேட்டில் கிரீடத்தினின்று முளைத்த நாய்க்குடையாக 1791-இல் வரைந்த கில்ரேயோ, 1796-இல் தெய்வநிந்தைக்காகக் கைது செய்யப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே சர்க்காரிடமிருந்து வருஷத்துக்கு 200 பவுன் மானியம் பெறலானார். அதன்பின் ஃபாக்ஸ் கட்சியார்மீது அவர் காட்டிய உக்கிரத்தில், கலை குறையாவிட்டாலும், சுதந்திரம் குறைந்துதான் போயிற்று. கடைசி ஐந்தாண்டுகளைச் சித்தம் கலங்கிய நிலையில் கழித்து அவர் 1815-இல் மறைந்தார்.

நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறிய அந்த இளவரசருக்கு, வாங்கிச் சேர்த்த படங்கள் போதவில்லை. வரையாதிருக்கவும் விலை கொடுத்தார். 1820 ஜூனில், அரசரை ஒழுக்கக்கேடான நிலையில் சித்திரிப்பதில்லை என்று வாக்களித்ததற்காகச் சித்திரக்காரர் ஜார்ஜ் கிரூக்ஷாங்குக்கு 100 பவுன் அளிக்கப்பட்டது. வேறெந்த நிலையில் அவரைச் சித்திரிப்பது என்று அரண்மனையார் யோசிக்கவில்லை போலும். கிரூக்ஷாங்க் பணத்தைப் பெற்றுக்கொண்டார். ஆகஸ்டில் வில்லியம் ஹோன் வெளியிட்ட பிரசுரத்துக்கு, அதே மனிதரைக் குடித்து மயங்கிய கோலத்தில் வரைந்து கொடுத்தார்.