பைலட்டும் பட்டாசுத் தொழிலாளியும்

2012ஆம் வருடம் மே மாதம் ஏர் இந்தியா பைலட்டுகளில் ஒரு பிரிவினர் வேலைக்கு வராமல் நின்றார்கள். புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு முதலில் என்பதுதான் தகராறு. ஜூலை முதல் வாரம் வரை 58 நாள் நீடித்தது. நூறு பைலட்டுகளுக்கு மேல் டிஸ்மிஸ் ஆனார்கள், டில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டது, டிவியில் தினமும் விவாதம். அதே வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடி வந்த சுற்றுவட்டார ஜனங்கள்.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பைலட் ஸ்டிரைக் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கேள்வி கூடவே வருகிறது: பைலட் வேலை மற்ற வேலைகளைப் போன்றதுதானா? லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஸ்டிரைக் எதற்கு என்று ஒரு கட்சி. நூற்றுக்கணக்கான உயிர் அவர் கையில் இருக்கிறது, அவரை மற்றவரோடு ஒப்பிடக் கூடாது என்று இன்னொரு கட்சி. வழக்கமாக டாக்டரோடும் பஸ் டிரைவரோடும் ஒப்பிட்டு விவாதம் முடிந்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் மருந்து கலக்குகிறவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் சம்பளக் கணக்கு. அமெரிக்காவில் 1932ல் சென்சுரி ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி பைலட் சம்பளத்தை வெட்டியபோது அங்கே பைலட் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் டேவிட் பென்கே என்ற பைலட் முன்னின்று சங்கம் அமைத்திருந்தார். 1934ல் அரசாங்கத் தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்பு சொன்னது. பைலட்டுக்கு அடிப்படைச் சம்பளம், அதோடு பறந்த மணிக்கும் பறந்த மைலுக்கும் தனித்தனிக் கூலி, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. யூனிபாரமும் தொப்பியும் நீக்கிவிட்டுப் பார்த்தால் இதில் பாதி பீஸ் ரேட்!

சிவகாசிக்கு இது புதிய விஷயமே இல்லை. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923ல் திரும்பி வந்து ஆலை வைத்த நாளிலிருந்து இங்கே கூலி எண்ணிக்கைக்குத்தான். கட்டை அடுக்கினால் கட்டைக் கணக்கு, பெட்டி ஒட்டினால் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பட்டாசு வந்த பிறகும் திரி வைப்பது, சரம் பின்னுவது எல்லாம் அதே முறையில்தான். கை ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை.

இந்திய பைலட் தகராறுகளைக் கிளறிப் பார்த்தாலும் அடியில் இதுதான் கிடக்கிறது. 2011 ஏப்ரல் கடைசியில், முன்பு இந்தியன் ஏர்லைன்ஸில் இருந்த பைலட்டுகள் பத்து நாள் ஸ்டிரைக் செய்தார்கள். 2007ல் இரண்டு கம்பெனிகளையும் இணைத்த பிறகும் சம்பளம் ஒன்றாகவில்லை என்பது அவர்கள் குறை. சம்பளம் பறக்கும் மணிக் கணக்கில் தொங்கக் கூடாது, நிலையான தொகையாக வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தானபோதும் காரணம் இதேதான். முன்பு 70 மணி நேரத்துக்கு உத்தரவாதமாக வந்த சம்பளம், புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரத்துக்கு என்று குறைந்தது. பைலட்டுகள் வரிசையாக 'உடம்பு சரியில்லை' என்று சொன்னார்கள். தொகை வேறு, அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் வருத்தம் ஒன்றுதான்.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு உடலுழைப்பு மட்டும் அர்த்தமில்லை. திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்கும் வேலை எல்லாம் அதில் அடக்கம். சம்பள உச்சவரம்பு மேற்பார்வை வேலை பார்ப்பவருக்குத்தான். அதனால் 'அதிகச் சம்பளம் வாங்குகிறார், எனவே தொழிலாளி இல்லை' என்ற வாதம் சட்டப்படி எடுபடாது. விமானத்தை இயக்குகிறாரா, ஆட்களை மேய்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்தது ஆபத்து. பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருக்காது. தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. மருந்து கலக்குவது காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால். இரும்புச் சாமான் ஆகாது. விமானத்தில் செக்லிஸ்ட் எதற்கோ அதற்குத்தான் இங்கேயும் இத்தனை விதி. இரண்டு இடத்திலும் ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் திருத்த வழியில்லை. விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளைப் பாருங்கள்: உராய்வு, அதிக ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும், எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கையும் வேகமாகும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதில்! பைலட்டின் லைசென்ஸ் பைலட்டின் பெயரில். அவர் வராவிட்டால் அந்த இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது. சிவகாசியில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பேசுவார்களே, அதெல்லாம் ஆலைக்கு. இருபது வருஷம் மருந்து கலக்கிய கைக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை.

பைலட்டுக்கு மாற்று ஆள் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு 1993ல் ஓர் உதாரணம் உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் ஸ்டிரைக்கில் இருந்தபோது, உஸ்பெகிஸ்தானிலிருந்து டுபோலேவ் விமானத்தை அதன் பைலட்டுகளோடு வாடகைக்கு எடுத்தார்கள். ஜனவரி 9ஆம் தேதி ஐதராபாத்திலிருந்து வந்த அந்த விமானம், டில்லியில் பனிமூட்டத்தில் இறங்கும்போது தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே 165 பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள் என்பதை இன்றைக்குப் படித்தாலும் நம்ப முடியவில்லை.

பட்டாசு ஆலைகளும் ஒரு முறை மாதக்கணக்கில் நின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. தீபாவளிக்கு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சுமார் நாலு மாதம் மூடிக் கிடந்தன. ஆனால் மூடியது முதலாளிகள். தொழிலாளர்கள் விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குத் திரண்டு போய்க் கேட்டது, வேலையை நிறுத்த அல்ல, திறந்து விடச் சொல்லி. பைலட் நின்றால் அன்று மாலையே மந்திரி பேசுவார். இவர்கள் நின்ற நாலு மாதத்தில் வெளியூரில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது?

2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் நானூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் 'சிக் லீவ்' போட்டார்கள். சங்கம் ஆரம்பித்ததற்காக இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியதுதான் காரணம். அது ஸ்டிரைக்கா, லீவா என்று அப்போது பெரிய விவாதம். 2020ல் வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. 14 நாள் முன்கூட்டி நோட்டீஸ் தருவது முன்பு விமானம், ரயில் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் இருந்தது. புதிய சட்டம் அதை எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. விமானக் கம்பெனிக்கு உள்ள அதே நோட்டீஸ் கெடு இப்போது சாத்தூர் பட்டாசு ஆலைக்கும் உண்டு.

அடுத்த இரண்டே வாரத்தில், டிசம்பர் தொடக்கத்தில், இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. இந்த முறை ஸ்டிரைக் இல்லை. பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகவும், இரவில் தரையிறங்குவது வாரத்துக்கு இரண்டாகவும் விதி மாறியிருந்தது. அதற்குத் தக்க பைலட்டுகள் கம்பெனியிடம் இல்லை. பைலட் சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றம் வரை போய் வாங்கிய ஓய்வு அது. அரசாங்கம் அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகமாக விதியைத் தளர்த்தியது. களைத்துப்போன பைலட் ஆபத்து என்பதில் மட்டும் இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று பேதமில்லாமல் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசியில் திரி வைக்கும் கைக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு என்று கேட்டு எந்தச் சங்கமும் டில்லி வரை போகும் நிலையில் இல்லை. அங்கே ஓய்வு எடுத்தால் அன்றைய எண்ணிக்கை குறையும்.