ஆறா, ஒன்பதா?

நாவல் எழுதுகிறவனுக்குத் தேசப்படம் பார்க்கும் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அந்தப் பைத்தியம் முற்றிய ஒரு நாள், அயர்லாந்தின் படத்தை மேஜைமேல் விரித்துக்கொண்டு அதன் கவுண்டிகளை நெட்டுருப் போட ஆரம்பித்தேன். கிரிக்கெட் அபிமானிகளுக்கு அந்தச் சொல் புதிதல்ல. மற்றவர்கள் நம் ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். லெய்ன்ஸ்டர் மாகாணத்தில் 12, அல்ஸ்டரில் 9, மன்ஸ்டரில் 6, கன்னாட்டில் 5, ஆக 32.

மாகாணத்துக்கு ஐரிஷ் மொழியில் உள்ள சொல்லின் அர்த்தமே 'ஐந்தில் ஒரு பங்கு' என்பதுதான். மாகாணமோ நாலு! ஐந்தாவது எங்கே போயிற்று? தாரா மலை இருக்கும் மீத் பிரதேசந்தான் அது என்பது பழைய மரபு. ராஜ்யம் மறைந்துவிட்டது, சொல் மட்டும் பழைய கணக்கை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

மாகாணங்கள் அந்நாட்டின் பழைய அரசுகளின் மிச்சம். கவுண்டிகளோ, ஆங்கில ஆட்சி தன் சௌகரியத்துக்காக வகுத்தவை. நார்மானியர் காலத்தில் தொடங்கிய அந்த வேலை 1606-ல் விக்லோவோடு முடிந்தது. மேரி ராணியின் ஆட்சியில் இரண்டு கவுண்டிகளுக்கு 'ராஜா கவுண்டி', 'ராணி கவுண்டி' என்றே பெயர் சூட்டினார்கள். சுதந்திரம் வந்த பிறகு அந்தப் பெயர்கள் போய், ஆஃபலி, லீஷ் என்ற பெயர்கள் நிலைத்தன. ஆனால் எல்லைக் கோட்டை அழித்தார்களா? இல்லை!

காரணம் ஓரளவு விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. 1884-ல் ஏற்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் கவுண்டிக்குக் கவுண்டி பந்தயம் நடத்தியது. அந்நியன் போட்ட கோட்டுக்குள் நின்றுகொண்டே ஜனங்கள், "எங்கள் கவுண்டி!" என்று தொண்டை கிழியக் கத்தலானார்கள்.

1921-ல் அல்ஸ்டரின் 6 கவுண்டிகள் வட அயர்லாந்தாகப் பிரிக்கப்பட்டன. டானகல், காவன், மானகன் மூன்றும் தெற்கோடு நின்றன. 1973-ல் வடக்கே கவுண்டி நிர்வாகமும் எடுபட்டுப் போயிற்று. ஆனாலும் கேலிக் சங்கத்தின் அல்ஸ்டருக்கு இன்றும் 9 கவுண்டிகள்தான்.

அந்த மைதானத்துப் பக்கமே வராதவர்களும் அங்கே உண்டு. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் அவர்களில் பலருக்கு அல்ஸ்டர் என்றால் ஆறுதான். அந்த ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன.

நான் நெட்டுருப் போட்டது வெறும் பெயர்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது யாராவது, "அல்ஸ்டரில் எத்தனை கவுண்டி?" என்று கேட்டால், கேட்கிறவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.