வெள்ளத்துக்கு இரண்டு வரைபடங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலிருந்து சென்னைக்கு இரண்டு வரைபடங்கள் கிடைத்தன. முதலாவது தண்ணீர் வடியும் முன்பே வந்துவிட்டது: அருண் கணேஷும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களும் இணையத்தில் திறந்துவைத்த வெள்ள வரைபடம். இரண்டாவது வருவதற்கு 2019 ஆயிற்று: ஐஐடி பம்பாயின் சுபிமல் கோஷும் பல நிறுவன அறிவியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சி-ஃப்ளோஸ்’ முன்னறிவிப்பு அமைப்பு. தரவுத் தொழிலின் இரு முனைகளான இவற்றை வடசென்னையின் வியாசர்பாடியில் நின்று அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முன்னதற்குச் சாட்சியே ஆதாரம். தன் தெருவில் தண்ணீர் நிற்பதைக் கண்டவர் திரையில் அந்தத் தெருவைத் தொட்டால் போதும். இப்படியே 2,500-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. பின்னதற்குக் கணக்கே ஆதாரம். மழைக் கணிப்பு, ஏரியில் திறக்கும் நீர், ஆற்றின் ஓட்டம், கடல் ஏற்றம், நிலத்தின் மேடுபள்ளம் அனைத்தையும் சமன்பாடுகளில் கோத்து, வரப்போகும் வெள்ளத்தைச் சொல்கிறது.

சாட்சி வரைபடத்துக்கு ‘உண்டு’ என்ற ஒரே விடைதான் தெரியும். கணுக்கால் தண்ணீரும் இடுப்பளவுத் தண்ணீரும் அதில் ஒன்றே. கணக்கு வரைபடம் ஆழத்தையும் சொல்லும், காரணத்தையும் காட்டும். வியாசர்பாடி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது; அந்த நீர் கடலைச் சேரும் முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் மேலே உள்ள தண்ணீர் வடிய வழியில்லை. வாசலில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத இந்தத் தொடர்பு கணக்கில் தெரிகிறது. அதே வாசலில் நிற்பவர், அன்று காலை பிளாஸ்டிக் குப்பை அடைத்த மதகைப் பார்க்கிறார். அது கணக்குக்கு எட்டாது.

இனி, எதிர்பாராத உறவு. கரண்ட் போய், செல்போன் சார்ஜும் தீர்ந்த தெருவை 2015-ல் யார் தொட்டிருப்பார்கள்? அந்தத் தெரு வரைபடத்தில் வெறுமையாகவே நின்றது. அளவெடுக்காத மழைநீர் வடிகாலும், தூர் வாராத கால்வாயும் கணக்கில் அதே வெறுமையை உண்டாக்குகின்றன. ‘தெரியாது’ என்பது இரண்டிலுமே ‘ஆபத்தில்லை’ என்பதைப் போலத் தோற்றமளிக்கிறது. வசதி குறைந்த குடியிருப்புகளே இந்தத் தோற்றத்தால் அதிகம் ஏமாறுகின்றன.

ஒன்றுக்கொன்று கடன்பட்டிருப்பது இன்னும் வியப்பு. சாட்சி சொன்னவர் தொட்ட கோடுகள் யாரோ முன்பே அளந்து வரைந்த தெருக்கள். வரையாத சந்துகளைத் தொட முடியாது. சி-ஃப்ளோஸ் சரிதானா என்று சோதித்ததோ 2015 டிசம்பர் வெள்ளத்தை மறுபடி கணக்கிட்டுப் பார்த்து. எங்கே தண்ணீர் நின்றது என்று கண்டு சொன்னவர் இல்லாமல் அந்த ஒப்பீடு நடக்காது. சாட்சிக்கு அளவு வேண்டும், அளவுக்குச் சாட்சி வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் சுவரில் படிந்த பழுப்புக் கோடு, சாட்சியும் அளவும் ஒன்றான தரவு. சாலை மட்டத்திலிருந்து அக்கோடு வரை டேப்பால் அளந்து, செல்போனில் இருப்பிடத்தையும் தேதியையும் குறித்து, இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் ஏற்றினால், முதல் வரைபடத்துக்கு ஆழம் கிடைக்கிறது. இரண்டாவதற்குச் சரிபார்க்கும் புள்ளி கிடைக்கிறது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் தரவுத் தொழிலை இங்கிருந்தே தொடங்கலாம். எந்த வரைபடம் சிறந்தது என்ற கேள்வியைவிட, தன் தெரு இரண்டிலும் சரியாக இருக்கிறதா என்ற கேள்வியே அவர்களுக்குப் பயன் தரும்.