ஒட்டி வைத்த தாள்களின் வரலாறு

தமிழ் நாடக வரலாற்றை எழுத முனைவோர்க்கு அச்சேறிய நூல்கள் மட்டும் போதா. தெருவில் இலவசமாக வழங்கப்பட்ட நோட்டீசுகளும் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய சபைகள் எவ்வூரில், எந்நாளில், என்ன கட்டணத்தில் நாடகம் நடத்தின என்பதை நாடகப் பிரதி சொல்லாது, நோட்டீசுதான் சொல்லும். மறுநாளே குப்பைக்குப் போகும் அத்தாளை யார் பாதுகாப்பார்?

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஒருவர் பாதுகாத்தார். ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 முதல் நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள் என யாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சேகரம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. அவற்றுள் பாதியளவு நூல்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியது. எனினும் கடல் கடத்தாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைய வழிசெய்தது. பட்டியலிட்டு, நுண்படச்சுருளில் பதிந்த பின்னரே அத்தாள்கள் ஆய்வாளர் கைக்கு எட்டும் சான்றுகளாயின.

நம் மாணவர்களும் ஆண்டுமலருக்கென நறுக்குகளையும் தபால்தலைகளையும் ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இதழின் பெயரும் நாளும் கத்தரியோடு போய்விடுகின்றன. உறையிலிருந்து பிரித்த தபால்தலை, அஞ்சல் முத்திரை காட்டும் ஊரையும் தேதியையும் இழந்துவிடுகிறது. மைதாப் பசையோ பூச்சிகளுக்கு விருந்து. நறுக்கின் அருகே பென்சிலால் ஊர், நாள், இதழ் என ஒரு வரி எழுதிவையுங்கள். நாளைக்கு வரலாறு எழுதுபவருக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்படும்.