ஒரு மிக்சி கெட்டுப்போனதால் பொறந்த மிக்சி

காலங்காத்தால ஏழு மணிக்கு நம்ம ஊட்டு அடுப்படியில கத்துதே மிக்சி, அது பொறந்ததே இன்னொரு மிக்சி கெட்டுப்போனதாலதான்னு சொன்னா நம்புவீங்களா மக்களே? நெசந்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், கூடவே வாங்க.

1960களின் தொடக்கம், பம்பாய். சீமென்ஸ் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரியிடம் ஜெர்மன் தயாரிப்பான ப்ரௌன் மிக்சர் ஒன்று இருந்தது. ஒருநாள் அது படுத்துவிட்டது. சரி பண்ண இங்கே வழியில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதிக்கெல்லாம் லைசென்ஸ் கேட்ட காலம் அது. ஒரு வீட்டு மிக்சருக்காக யார் ஜெர்மனியில் இருந்து பார்ட்ஸ் வரவழைப்பார்கள்? கடைசியில் மாதுரி வீட்டுக்காரருக்கே சவால் விட்டார். எஞ்சினியர்தானே, நம்ம சமையலுக்குத் தாங்கற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க!

மாத்தூர் செஞ்சு காட்டினார். அதுதான் 1963ல் வந்த 'சுமீத்'. நல்ல நண்பன்னு அர்த்தம்.

அவர் புரிஞ்சுக்கிட்ட மேட்டர் சிம்பிள். ஐரோப்பிய மிக்சர் பழச்சாறுக்கும் மாவு கலக்கறதுக்கும் செஞ்சது. நாம அதுல காய்ஞ்ச மஞ்சளைப் போடறோம், வரமிளகாயைப் போடறோம், தேங்காச் சில்லைப் போடறோம், ஊறவச்ச அரிசியைப் போட்டுப் பத்து நிமிசம் ஓட்டறோம். மோட்டார் புகையாம என்ன பண்ணும்? அதனால வலுவான மோட்டார், கனமான பிளேடு, ஸ்டீல் ஜார்னு நம்ம சமையலில் இருந்து ஆரம்பிச்சு மிஷினை வடிவமைச்சார். ஒருகாலத்தில் மிக்சின்னாலே சுமீத்துதான். அப்புறம் பேரு யாருக்குச் சொந்தம்னு குடும்பத்துக்குள்ளேயே வழக்காகி, 1994ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இன்னைக்கும் டிரேட்மார்க் வழக்குகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டறாங்க. இதுக்கு நடுவுல 1978ல் மெட்ராஸில் ப்ரீத்தி வந்தது. 2011ல் அதை பிலிப்ஸ் வாங்கியது. ஐரோப்பாக்காரன் மிக்சர் இங்கே தாக்குப்பிடிக்காததுல ஆரம்பிச்ச கதையில, அரை நூற்றாண்டு கழிச்சு ஐரோப்பாக்காரனே வந்து நம்மூரு மிக்சி கம்பெனியை வாங்கறான்!

சரி, நம்ம சேலம் சீமைக்கு வருவோம். மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிஞ்சது, 1937ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா கரண்டு கம்பி ஊருக்கு வந்ததுக்கும் அடுப்படிக்குள்ள மிக்சி வந்ததுக்கும் நடுவுல பல பத்து வருசம் இடைவெளி. அதுவரைக்கும் அம்மி, ஆட்டுக்கல், உரல்தான்.

அந்தக் காலத்து 'கஸ்டமர் சர்வீஸை' யோசிச்சுப் பாருங்க. அம்மி தேய்ஞ்சு வழவழன்னு ஆயிட்டா மசாலா அரைபடாம வழுக்கும். உளி, சுத்தியலோட அம்மி கொத்தறவர் தெருவுல கூவிக்கிட்டு வருவார். வாசல்லயே உக்காந்து டொக்கு டொக்குன்னு கொத்திக் கொடுத்துட்டுப் போவார். என்ன கோளாறு, என்ன பண்றார், எல்லாமே நம்ம கண்ணு முன்னாடி. அடுத்த தடவை கல்லு சரியில்லைன்னா அதே ஆளைப் பிடிச்சு "ஏனுங்ணா, இப்படிக் கொத்திட்டுப் போயிட்டீங்க"ன்னு கேக்கலாம். டோக்கன் நம்பர் கிடையாது.

இப்ப சொந்தக் கதை. போன வருசம் எங்க ஊட்டு மிக்சி திடீர்னு நின்னுபோச்சு. கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. போன் போட்டா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்கு. பத்து நாள் கழிச்சு வந்தவர் மூடியைக்கூடக் கழட்டலை. "அந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதில்லைங்க, எக்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க"ன்னுட்டுக் கிளம்பிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பாத்து, "ஏந்தம்பி, நாலு வருசம் எஞ்சினியருக்குத்தானே படிச்சே?"ன்னாங்க. மாதுரி அம்மையார் விட்ட அதே சவால்! என்ன, நான் சீமென்ஸ் இல்லை, பொட்டி தட்டறவன்.

பிளக்கைப் பிடுங்கிட்டுக் கவுத்துப் போட்டேன். மிக்சிக்குள்ள பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. பாக்க வேண்டியது மூணு எடம்:

அடியில ஒரு சின்ன பட்டன் இருக்கும். லோடு அதிகமானா அது வெளிய தள்ளி கரண்டைத் துண்டிக்கும். ஆற விட்டு அமுக்கினா பல மிக்சி உசுரோட எந்திரிச்சிரும்.

ஜார் உக்கார்ற எடத்துல இருக்கிறது கப்ளர். மோட்டார் சத்தம் கேட்டும் பிளேடு சுத்தலைன்னா அதோட பல்லு தேஞ்சிருக்கும். மோட்டார் சுத்தும்போது இறுகற மாதிரிதான் மரை வெட்டியிருப்பாங்க. எந்தப் பக்கம் கழலும்னு பாத்துட்டுத் திருகுங்க.

மூணாவது கார்பன். சுத்தற ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கொண்டு போறது ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வச்ச சின்னக் கார்பன் கட்டைகள். உரசி உரசித் தேயறதுக்குன்னே செஞ்சது அது. குட்டையாயிட்டா பொறி பறக்கும், அப்புறம் நின்னுரும்.

எங்க ஊட்டுதுல கார்பன் ரெண்டும் மொட்டை. சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில பழசைக் காட்டினதும் அண்ணன் டப்பாவைத் தொறந்து ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். தட்டுவடை செட்டை விடக் கொஞ்சம்தான் கூட. அன்னைக்கு ராத்திரியே தேங்காச் சட்னி. (வாரண்டி இருக்கிற மிக்சியைத் தொறக்காதீங்க. மைக்ரோவேவ் அவனைத் தொறக்கவே தொறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல ஆளைக் கொல்ற வோல்டேஜ் தேங்கியிருக்கலாம்.)

நம்ம பக்கத்துக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. 1997ல் சேலத்தில் இருந்து நாமக்கல் தனி மாவட்டமாப் பிரிஞ்சது. லாரிக்கு பாடி கட்டறதுல நாமக்கல், போர்வெல் ரிக்குக்குத் திருச்செங்கோடு. ரிக் வண்டி ராஜஸ்தான் பொட்டல்ல நிக்கும்போது கம்பெனி மெக்கானிக் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா? வண்டியில இருக்கறவங்களே பிரிச்சு மேய்ஞ்சிருவாங்க. ரிப்பேர் பண்ணிப் பண்ணி, எது எதனால ஒடையுதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் ஒடையாம செய்யவும் தெரியும். மாத்தூர் செஞ்சதும் இதேதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது. 2019ல் அதைப் புதுசா எழுதி 2020ல் அமலுக்குக் கொண்டுவந்தாங்க. சர்வீஸ் சரியில்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனா பார்ட்ஸே கிடையாதுன்னு கைய விரிச்சா? அதுக்குத்தான் 'பழுதுபார்க்கும் உரிமை'ங்கிற பேச்சு. பிரான்ஸில் 2021ல் வாஷிங் மெஷின், லேப்டாப் மாதிரிப் பொருளுக்கெல்லாம் எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும்னு கொண்டுவந்தாங்க. இங்கே மத்திய அரசு 2022 ஜூலையில் குழு போட்டு, டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் சட்டமே போட்டுருச்சு.

2011 செப்டம்பரில் ஆரம்பிச்ச இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தால் ரேஷன் கார்டு வச்சிருந்த சாதாரணக் குடும்பங்களுக்கும் மிக்சி வந்துருச்சு. வீட்டுல மாசச் சம்பளம் வர்ற என்னை மாதிரி ஆளுக்குப் 'புதுசு வாங்கிக்குங்க'ங்கிறது வெறும் எரிச்சல்தான். தறி ஓட்டற வீட்டுலயோ கோழிப்பண்ணை வேலைக்குப் போற வீட்டுலயோ அது பல நாள் கூலி.

அம்மி கொத்தறவர் போயிட்டார். தெருமுனையில மிக்சி ரிப்பேர் பண்ற அண்ணன் இன்னும் இருக்கார். அடுத்த தடவை மிக்சி நின்னா, எக்சேஞ்சுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒருதரம் காட்டுங்க. அவர் கழட்டும்போது பக்கத்துல நின்னு பாருங்க. கேட்டா அவரே சொல்லித் தருவாருங்க.