பாண்டவர் குழி

பாண்டவர் குழி என்பது இரும்புக்கால ஈமச்சின்னங்களுக்குத் தமிழகத்து ஊரார் இட்ட பெயர்களுள் ஒன்று. உத்திரமேரூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மேட்டு நிலங்களிலும் குன்றடிகளிலும் பாறைத் துண்டுகளை வளையமாகப் பதித்த கல்வட்டங்கள் மிகுதி. நடுவில் கற்பதுக்கையோ, தாழியோ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையோ புதைந்திருக்கும். அம்மாவட்டத்துச் சாணூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது எலும்புகளோடு கருப்பு-சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. ஊர்க்கதைகளிலோ இவை பெரும்பாலும் குடியிருப்புகள்: வனவாசத்தில் பாண்டவர் தங்கியவை, அல்லது நெருப்பு மழைக்கு அஞ்சிக் குள்ளர்கள் ஒளிந்தவை.

இக்கதைகளைச் சிதைந்த வரலாற்று நினைவு என்று கொள்வதைவிட, கண்ணில் பட்ட கல்லுக்கும் எலும்புக்கும் பிற்கால உழவர்கள் தேடிய விளக்கம் என்று கொள்வதே பொருந்தும். ஒவ்வொரு கதையும் ஓர் அடையாளத்துக்கு விடையாக நிற்கிறது. கற்பதுக்கைகள் சிலவற்றின் பலகைக்கல்லில் வட்டமான இடுதுளை உண்டு. வளர்ந்த ஆள் அதில் நுழைய முடியாது, ஆகவே உள்ளே இருந்தவர்கள் குள்ளர்கள். மூடுகல்லைத் தூக்க மனித பலம் போதாது, ஆகவே பீமன். சாகாமல் மூப்பில் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறும் விளக்கும் வைத்துத் தாழியில் இறக்கினார்கள் என்ற கதையும் இவ்வகையே. பெரியவர் எலும்பு பானைக்குள் எப்படி அடங்கியது என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. உடல் மட்கிய பின் எலும்புகளைப் பொறுக்கி இட்டதே பல தாழிகளின் நிலை.

புறநானூற்றின் 228 ஆம் பாட்டே தாழி வனையும் குயவரை விளிக்கிறதே, நினைவு அறுந்தது எப்படி என்று கேட்கலாம். அது வழக்கம் உயிரோடிருந்த காலத்துப் புலவர் பாட்டு; அதை ஏடு காத்தது, ஊர் வழக்கு காக்கவில்லை. இதே மண்ணில் 919, 921 ஆம் ஆண்டுகளில் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூர் சபையினருக்கும் இந்த வட்டங்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை. தொண்டைமண்டலக் கோட்டைகளைக் கட்டியதாகக் கதை சொல்லும் குறும்பர்களை இவற்றோடு இணைப்போரும் உண்டு. ஆனால் அவர்களை வென்றதாகச் சொல்லப்படும் ஆதொண்டனை அக்கதையே சோழர் காலத்தில் வைக்கிறது. கல்வட்டங்கள் அதற்கு வெகுமுன்னவை. அயர்லாந்தின் வட்டக் கோட்டைகளை டேனியர் கட்டினர் என்ற நாட்டார் வழக்கிலும் இதே குழப்பம்தான். அவை பெரும்பாலும் அந்நாட்டு உழவர்களின் பண்ணை வீடுகள். அங்கே தேவதைகள் மீதான அச்சம் பல வட்டங்களைக் கலப்பையிலிருந்து காத்தது. இங்கே புதையல் ஆசையும் கல் உடைப்பும் அச்சத்தை வென்ற இடங்கள் நிறைய.