பிங்க் ஃப்ளாய்ட், ஒரு ரேடியோ, ரெண்டு கிடார்

கிடார் கத்துக்க ஆரம்பிச்ச எவனா இருந்தாலும், நாலு கார்ட்ஸ் கைக்கு வந்ததும் ஒரு நாள் இந்தப் பாட்டுல வந்து நிப்பான். பிங்க் ஃப்ளாய்டோட 'விஷ் யூ வேர் ஹியர்'. 1975ல வந்த பாட்டு. டூர் போன வெள்ளைக்காரங்க தபால் அட்டையில வழக்கமா எழுதி அனுப்புற வாசகம்தான் தலைப்பு. நம்ம பாஷையில சொன்னா 'நீயும் இங்க இருந்திருக்கலாம்'.

முன்னாடியே சொல்லிடறேன், இது இசை ஆராய்ச்சி எல்லாம் இல்லீங்க. பகல்ல பொட்டி தட்டிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல கிடாரைத் தட்டுற ஒருத்தனோட பதிவு :-) இந்தப் பாட்டு யாருக்காகன்னு யாரைக் கேட்டாலும் 'சிட் பாரெட்'னு ஒரே பதில்தான் வரும். பாதி சரி. மிச்சப் பாதி கிடார்ல கை வச்சப்புறம்தான் பிடிபடுது. அதுக்கு முதல்ல கதை தெரியணும்.

ஆர்க்கிடெக்சர் படிக்கப் போனவங்க

ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட். இந்த மூணு பேரும் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்ல ஆர்க்கிடெக்சர் படிக்க வந்தவங்க. படிச்சாங்களோ இல்லையோ, பேண்ட் ஆரம்பிச்சாங்க. (படிச்சது ஒண்ணு, பிழைக்கிறது ஒண்ணுங்கிறது நம்மூர் இன்ஜினியருங்களுக்கு மட்டும் வாய்ச்ச வரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா?) வாட்டர்ஸ் வளர்ந்த ஊர் கேம்பிரிட்ஜ். அதே ஊர்ல இருந்து ஓவியம் படிக்க லண்டன் வந்த பையன் சிட் பாரெட். 1965ல இந்த நாலு பேரும் பிங்க் ஃப்ளாய்ட் ஆனாங்க.

பேர் வச்சதும் சிட்தான். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில்னு ரெண்டு அமெரிக்க புளூஸ் கலைஞர்கள். ரெண்டு பேரோட முதல் பேரையும் எடுத்து ஒட்டவச்சார், அவ்வளவுதான்.

1967 மார்ச்ல முதல் சிங்கிள் 'அர்னால்ட் லேன்'. அதே வருஷம் ஆகஸ்ட்ல முதல் ஆல்பம் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. இதை ஆபி ரோடு ஸ்டுடியோவுல பதிவு பண்ணிக்கிட்டு இருந்த அதே சமயத்துலதான் பீட்டில்ஸ் பக்கத்துல 'சார்ஜென்ட் பெப்பர்' பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு சிட் எழுதினது. பாடுறது, லீட் கிடார், முகம், மூளை எல்லாமே அவர்தான். வயசு 21.

அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே ஆள் கலைஞ்சுட்டார். எல்.எஸ்.டி. ஒரு காரணம்னு சொல்றாங்க, மனநலப் பிரச்சினைன்னும் சொல்றாங்க. மேடையில ஒரே கார்டை ராத்திரி பூரா வாசிப்பாராம். சில நாள் கையே அசையாதாம். சமாளிக்கிறதுக்கு இன்னொரு கிடாரிஸ்டைச் சேர்த்தாங்க. அது டேவிட் கில்மோர். அவரும் கேம்பிரிட்ஜ்தான். சிட்டும் கில்மோரும் காலேஜ்ல உட்கார்ந்து ஒண்ணா கிடார் பழகினவங்க. 1965ல ரெண்டு பேரும் தெற்கு ஃபிரான்ஸ் போய் தெருவுல வாசிச்சுக் காசு சேர்த்திருக்காங்க. சிட் இடத்தை நிரப்ப வந்தது யாரோ ஒரு வெளியாள் இல்லை. கூடவே உட்கார்ந்து கிடார் பழகினவன்.

கொஞ்ச நாள் அஞ்சு பேரா இருந்தாங்க. 1968 ஜனவரியில சவுத்தாம்ப்டன்ல ஒரு கச்சேரி. வண்டியில கிளம்பினவங்க, போற வழியில சிட்டைக் கூட்டிக்கணும். கூட்டிக்கணுமான்னு ஒருத்தர் கேட்க, வேணாம் விடுன்னு இன்னொருத்தர் சொல்ல, வண்டி நிக்காமப் போயிருச்சு. ஒரு பேண்டை ஆரம்பிச்சு, பேர் வச்சு, பாட்டு எழுதின ஆளை வெளிய அனுப்பின விதம் இவ்வளவுதான். மீட்டிங் கிடையாது, சண்டை கிடையாது. கூப்பிடப் போகலை. அதிகாரப்பூர்வ அறிவிப்பு ஏப்ரல்ல வந்துச்சு.

அப்படியே கை கழுவிட்டாங்கன்னும் சொல்லிட முடியாது. 1970ல சிட் தனியா ரெண்டு ஆல்பம் போட்டார். ரெண்டுலயும் கில்மோர் கூட இருந்து வேலை பார்த்தார். அதுக்கப்புறம் சிட் இசையை விட்டுட்டு மெல்ல மெல்ல ஒதுங்கிட்டார்.

எல்லாம் கிடைச்சப்புறம்

1973 மார்ச்ல 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வருது. அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 1973ல இருந்து 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரம் இருந்த ஆல்பம் அது. பதினாலு வருஷத்துக்கு மேல வருது, கணக்குப் போட்டுக்கோங்க. பணம், பேரு, புகழ், எதுவும் பாக்கி இல்லை.

இதுல கூத்து என்னன்னா, அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியலை. ரப்பர் பேண்டு, ஒயின் கிளாஸ்னு வீட்டுச் சாமான்களை மட்டும் வச்சு ஒரு ஆல்பம் போடறதா கிளம்பி, பாதியில கைவிட்டாங்க. (அதுல மிஞ்சின ஒயின் கிளாஸ் சத்தம் பின்னாடி 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' ஆரம்பத்துல சேர்ந்துச்சு. சிட்டை நினைச்சு எழுதின பாட்டு அது.) 1975 ஜனவரியில ஆபி ரோட்டுல மறுபடி உட்கார்ந்தாங்க. வருவாங்க, போவாங்க, வேலை நகராது. உடம்பு ஸ்டுடியோவுல, மனசு வேற எங்கயோ. இப்படி ஆஜராகாத ஆஜரே ஆல்பத்துக்கு விஷயமாகட்டும்னு முடிவு பண்ணது வாட்டர்ஸ்.

இந்த நேரத்துலதான் அது நடந்துச்சு. 1975 ஜூன்ல ஒரு நாள். 'ஷைன் ஆன்' மிக்ஸிங் ஓடிக்கிட்டு இருக்கு. தலையையும் புருவத்தையும் மழிச்சிட்டு, நல்லா குண்டா, ஒரு ஆள் ஸ்டுடியோவுக்குள்ள நிக்கிறார். யார்னு தெரியலை. ஸ்டுடியோ ஆளா இருக்கும்னு விட்டுட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சுதான் யாரோ சொல்லித் தெரிஞ்சுது, அது சிட்னு. ஏழு வருஷத்துல ஆளே அடையாளம் தெரியலை. வாட்டர்ஸ் அழுதுட்டாராம். யாரைப் பத்தின பாட்டோ அந்த ஆளே உள்ள நிக்கிறான், எழுதினவங்களுக்கு அவனை அடையாளம் தெரியலை. சினிமாவுல வச்சா 'ஓவர்'னு சொல்லுவோம்.

பாட்டு பிறந்த விதம்

கில்மோர் ஒரு பன்னிரண்டு தந்தி மார்ட்டின் கிடார் வாங்கியிருந்தார். அதுல சும்மா எதையோ மீட்டிக்கிட்டு இருந்தப்ப, அது என்னன்னு வாட்டர்ஸ் கேட்க, அதுல இருந்து வளர்ந்ததுதான் இந்தப் பாட்டு. இசையில ரெண்டு பேருக்கும் பங்கு, வரிகள் வாட்டர்ஸ்.

ஆரம்பத்துல ஒரு ரேடியோ கேக்கும். நிலையம் மாத்திக்கிட்டே வர்றாங்க, யாரோ பேசறாங்க, சாய்கோவ்ஸ்கியோட நாலாவது சிம்ஃபொனி ஒரு நொடி வந்துட்டுப் போகுது. கில்மோர் கார்ல இருந்த ரேடியோவுல பதிவு பண்ணது. அப்புறம் ஒரு கிடார், அதே ரேடியோவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி, ஒல்லியா, கரகரன்னு. அது ஒரு சுத்து முடிஞ்சதும், யாரோ பக்கத்துல உட்கார்ந்து மூச்சு விடறதும் இருமுறதும் கேக்கும். உடனே இன்னொரு கிடார், முழுச் சத்தத்தோட, நம்ம அறையிலயே. தன் ரூம்ல உட்கார்ந்த ஒரு பையன் ரேடியோவுல வர்ற பாட்டோட சேர்ந்து வாசிக்கிறான். அதுதான் ஐடியா. ரெண்டு கிடாருமே கில்மோர்தான்.

இன்னொரு தகவல். பக்கத்து ஸ்டுடியோவுக்கு வந்திருந்த ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியைக் கூப்பிட்டு இந்தப் பாட்டுல வாசிக்க வச்சாங்க. ஆனா கடைசி மிக்ஸிங்ல அது காதுல விழாத அளவுக்கு உள்ள போயிருச்சு. 2011ல மறுவெளியீடு வந்தப்பதான் உலகம் அதை ஒழுங்கா கேட்டுச்சு. ஆல்பம் கடைக்கு வந்தப்ப அட்டைப்படம் கூட தெரியாம கறுப்பு பிளாஸ்டிக் உறை போட்டு வித்தாங்க. இல்லாததைப் பத்தின ஆல்பத்துக்கு அட்டையும் இல்லாம!

கைக்கு வரும்போது

சரி, கிடாருக்கு வருவோம். ஆரம்ப இசைக்கு மூணே கார்டுதான். ஈ மைனர் 7, ஜி, ஏ7 சஸ்4. மோதிர விரலும் சுண்டு விரலும் ரெண்டு மெல்லிய தந்திகள்ல, மூணாவது ஃப்ரெட்ல உட்காரணும். உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான், அந்த மூணு கார்டுக்கும் எழுந்திரிக்கவே கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் தடித்த தந்திகள்ல இடம் மாறும். வலது கை தடித்த தந்திகள்ல சின்னதா சில ஸ்வரம் நடந்து போய், மேல சேர்த்து ஒரு வருடல். வேகமும் இல்லை, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தட்டு. ஆனா சுண்டு விரல் இருக்கே, அது முதல் வாரம் ஒத்துழையாமை இயக்கமே நடத்தும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஜி-யை ஸ-வா வச்சுக்கிட்டா, நகராத அந்த ரெண்டு விரல்லயும் வர்றது பஞ்சமமும் மேல் ஷட்ஜமும். அதாவது நம்ம தம்புரா! கீழ என்ன கார்டு மாறினாலும் மேல ப-வும் ஸ-வும் ஒலிச்சுக்கிட்டே இருக்கு. அந்தப் பாட்டோட ஆரம்பத்துல ஒரு ஏக்கம் தொங்கிக்கிட்டு நிக்குதே, அதுக்குக் காரணம் இதுதான். கீழ எல்லாம் இடம் மாறுது, மேல ரெண்டு பேர் மட்டும் நகராம நிக்கிறாங்க. பாட ஆரம்பிக்கும்போது சி, டி, ஏ மைனர், ஜி. அப்பதான் அந்த ரெண்டு விரலும் முதல் தடவையா தூக்கப்படுது. காதால நூறு தடவை கேட்டப்ப இது எனக்குத் தெரியலை. விரல் எழுந்தப்ப தெரிஞ்சுது. சுருதிப் பெட்டியை யாரோ பாதியில நிறுத்தின மாதிரி.

ரெண்டாவது கிடார் வேற ரகம். அது கார்ட்ஸ் வாசிக்காது. முதல் கிடார் ஒண்ணு சொல்லி நிறுத்துற இடத்துல பதில் சொல்லும். தந்தியை இழுத்து, ஒரு ஸ்வரம், இடைவெளி, இன்னொரு ஸ்வரம். தனியா வாசிச்சா ரெண்டுல ஒண்ணைத்தான் வாசிக்க முடியும். எந்த ஒண்ணை வாசிச்சாலும் மத்தது காணாம இருக்கும். இதுதான் நான் சொன்ன மிச்சப் பாதி.

நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்துதான் இதைப் பழகினோம். அவன் முதல் கிடார், நான் ரெண்டாவது. அவன் ஒரே தாளத்துல போவான், நான் இடைவெளியில நுழைவேன். அப்புறம் வேலை மாறி அவன் வேற ஊருக்குப் போயிட்டான். இப்ப முதல் கிடாரை நானே ஃபோன்ல பதிவு பண்ணி ஓடவிட்டு, அதோட சேர்ந்து ரெண்டாவதை வாசிக்கிறேன். ஃபோன் ஸ்பீக்கர்ல அது ஒல்லியா, கரகரன்னு வருது. ஆல்பத்துல ரேடியோவுக்குள்ள இருக்கிற கிடார் எப்படிக் கேக்குமோ அதே மாதிரி. அவன் வாசிச்சா நான் கொஞ்சம் தாமதிச்சாலும் காத்திருப்பான். ஃபோன் காத்திருக்காது.

யாருக்காக?

வாட்டர்ஸ் பிற்காலத்துல இந்த வரிகள் தன்னைப் பார்த்தே கேட்டுக்கிட்டதுதான்னு சொல்லியிருக்கார். கில்மோரோ, சிட்டை நினைக்காம இதைப் பாட முடியறதில்லைன்னு சொல்றார். சேர்ந்து எழுதின ரெண்டு பேருக்கே அந்த 'நீ' வேற வேற ஆள்.

அப்புறம் அவங்களும் பிரிஞ்சாங்க. 1979ல 'தி வால்' பண்ணும்போது ரைட்டை வெளியேத்தினாங்க. 1985ல வாட்டர்ஸ் விலகினார். பேண்ட் பேர் யாருக்குன்னு வக்கீல் வச்சு அடிச்சுக்கிட்டாங்க. 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்ல லைவ் 8 கச்சேரி. வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நாலு பேரும் 24 வருஷம் கழிச்சு ஒரே மேடையில நின்னாங்க. இந்தப் பாட்டுக்கு முன்னாடி வாட்டர்ஸ், இங்க இல்லாத எல்லாருக்காகவும், முக்கியமா சிட்டுக்காகன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சார். வாட்டர்ஸும் கில்மோரும் ஆளுக்கொரு கிடாரோட.

சிட் அப்ப கேம்பிரிட்ஜ்ல ஓவியம், தோட்டம்னு தனியா வாழ்ந்துக்கிட்டு இருந்தார். அடுத்த வருஷம், 2006 ஜூலை 7ல இறந்துட்டார். 2008 செப்டம்பர்ல ரைட்டும் போயிட்டார். இனி அந்த நாலு பேர் சேர வழியே இல்லை.

2019 ஜூன்ல கில்மோர் தன் கிடார்களை நியூயார்க்ல ஏலம் விட்டார். இந்தப் பாட்டு பிறந்த பன்னிரண்டு தந்தி மார்ட்டினும் அதுல இருந்துச்சு. 5,31,000 டாலருக்குப் போச்சு. ஏலத்துல வந்த மொத்தப் பணத்தையும் சுற்றுச்சூழலுக்காக வழக்காடுற ஒரு அமைப்புக்குக் கொடுத்துட்டார்.

கத்துக்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் ரெண்டாவது கிடார் மேலதான் கண்ணா இருப்பாங்க, அதுலதான் கைதட்டல். நீங்க முதல் கிடாரை முதல்ல பழகுங்க. கூட வாசிக்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கும்போதே பழகுங்க. கார்ட்ஸ் எப்ப வேணா பழகிக்கலாம்.